நடிப்பென்று நினைத்தேன்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. எனக்கு ஐந்தாம் வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள். தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டதால் முக்கால்வாசிப் பேர் நனைந்துதான் வந்தார்கள். வகுப்பு முழுக்க ஈரத் துணி வாடை. எங்கள் வகுப்புக்குத் தகரக் கூரை. நாலு தூறல் விழுந்தாலே உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.

மத்தியானம் தலைமையாசிரியை எஸ்தர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். பீரோவைக் குடைந்துகொண்டே எதையோ சொன்னார். நான் தலையாட்டினேன்.

"என்ன வடிவு டீச்சர், நல்ல சேதி சொல்லுதேன், நீங்க பாட்டுக்குச் சும்மா நிக்கிய?" என்று அவர் திரும்பியபோதுதான் முழுசாக விளங்கியது. நிர்வாகம் இந்த வருஷம் ஓர் ஆசிரியரை நிரந்தரமாக்கப் போகிறது. என் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஜூலை 24ஆம் தேதி கல்வி அதிகாரி வந்து என் ஆங்கில வகுப்பைப் பார்ப்பார். அவர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால், ஆறு வருஷமாகத் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கும் என் வேலை நிலைத்துவிடும்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தேதியையே எண்ணிக்கொண்டு வந்தேன். எஸ்தர் அம்மாவுக்குப் பீரோவோடு பேசுகிற பழக்கத்தை யாராவது சொல்லித் திருத்தவேண்டும்.

ஜூன் 12, புதன்

ஆங்கிலப் பாடத்தில் கேள்வி கேட்டால் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது. உதடு அசைகிறது, அவ்வளவுதான். "சத்தமா, சத்தமா" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இந்தத் தலைமுறைக்குப் பேசக்கூடச் சோம்பல். அதிகாரி முன்னாலும் இப்படி முணுமுணுத்தால் என் கதி என்ன?

போன வருஷம் திருநெல்வேலியில் நடந்த பயிற்சியில் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வேஷம் கொடுத்து, கடை, பேருந்து, ஆஸ்பத்திரி என்று ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்டால் ஆங்கிலம் தன்னால் வரும் என்று. வேஷம் போட்டவனுக்குக் கூச்சம் இருக்காதாம். அதைச் செய்யப்போகிறேன். வசனத்தை நானே எழுதிக் கொடுப்பேன். யார் எப்போது என்ன பேசுவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அதை நினைத்தாலே பாதிப் பயம் போய்விடுகிறது.

சாயந்திரம் பருப்பு குழைந்து கஞ்சியாகிவிட்டது. "எத்தன விசில் விட்ட?" என்று வீட்டுக்காரங்க கேட்டாங்க. "மூணு" என்றேன். குக்கருக்கு வயசாகிவிட்டது. ரப்பர் மாற்றவேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று முதல் நாடகம். காய்கறிச் சந்தை.

லிங்கதுரை என்றொரு பயல். எழுதச் சொன்னால் அஞ்சு வார்த்தையில் ஆறு தப்பு. அவன் தலையில் ஒரு துண்டைக் கட்டி, முன்னால் நாலு கத்தரிக்காயை வைத்தேன். அவ்வளவுதான், ஆளே மாறிப்போனான். "கம் மேடம், கம்! ஃப்ரெஷ் பிரிஞ்சால்!" என்று கையை ஆட்டிக் கூப்பிடுகிறான். நான் எழுதிக் கொடுத்ததைத் தாண்டியும் எதையோ எடுத்துவிட்டான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் பாத்திமாவைக் கூப்பிட்டு, என்ன சொன்னான் என்று விசாரித்தேன். அவள் என் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்த்து, "நோ டச், ஒன்லி பை-ன்னு சொன்னான் டீச்சர்" என்றாள். எங்கிருந்து பிடித்தானோ! அதை இன்னும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். இந்த வேலையில் எனக்குக் கிடைக்கிற சம்பளம் இதுதான்.

மூன்று விதிகள் போட்டிருக்கிறேன். பேசுகிறவர் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். வாய்க்கு நேரே கையோ புத்தகமோ இருக்கக்கூடாது. பதில் சொல்லும் முன் கேள்வியை ஒருதரம் முழுசாகத் திருப்பிச் சொல்லவேண்டும். மூன்றும் நாடகத்துக்குத் தேவையான விதிகள். எனக்காக வைத்தவை அல்ல.

ஜூன் 25, செவ்வாய்

பேருந்து நாடகம். இவங்க கண்டக்டராக வேலை பார்த்துப் பழசான தோல்பையையும் ஒரு விசிலையும் கொண்டுபோனேன். லிங்கதுரைதான் கண்டக்டர். வண்டி கிளம்புகிற இடத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். "ஊதுல, என்ன பாத்துக்கிட்டு நிக்க?" என்று அதட்டினேன். திருதிருவென்று முழித்தான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசில் கெட்டுப்போயிருக்கிறது போல. பிடுங்கிப் பையில் போட்டுவிட்டேன்.

வீட்டில் இவங்களிடம் சொன்னேன், உங்க விசில் செத்துப்போச்சு என்று. வாங்கி அடுக்களையில் நின்று ஊதினாங்க. எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. அது வாயைத் திறந்து மூடியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவங்க என்னையே பார்த்தாங்க. மழை வருகிற மாதிரி இருந்ததால் துணி எடுக்க மாடிக்குப் போனேன்.

ஜூன் 29, சனி

காலண்டரில் இன்றைய தேதிக்குக் கீழே காது டாக்டரின் போன் நம்பரை இவங்க எழுதி வைத்திருக்காங்க. சளி பிடித்துக் காது அடைத்திருப்பதற்கெல்லாம் டாக்டரா? தேதியைக் கிழித்துவிட்டேன்.

ஜூலை 3, புதன்

தகரக் கூரையின் இரைச்சல் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்தும் விடமாட்டேன் என்கிறது. எங்கள் வீடு கான்கிரீட். இன்று மழையும் இல்லை.

பாத்திமா தானாகவே இடம் மாறி முன்வரிசையில் என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பிள்ளை, புத்திசாலி. ஆனால் புதுசாக ஒரு கெட்ட பழக்கம். யாராவது எழுந்தால், யாராவது கதவுப் பக்கம் வந்தால், என் மேசையை இரண்டு விரலால் தட்டுகிறாள். மேசை அதிர்கிறது, நான் நிமிர்கிறேன். "மேசையத் தட்டாத பிள்ள" என்று இன்று சத்தம் போட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி தட்டினாள். பார்த்தால் வாசலில் எஸ்தர் அம்மா நிற்கிறார்.

ஜூலை 10, புதன்

லிங்கதுரைக்குக் கை முறிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

இரண்டாவது பாடவேளை. ஆஸ்பத்திரி நாடகம். லிங்கதுரை நோயாளி, பாத்திமா டாக்டர். இரண்டு டெஸ்க்கைச் சேர்த்துப் போட்டுக் கட்டில் என்று வைத்தோம். வயிற்றுவலிக்காரனாக அவன் புரண்டு புரண்டு கத்தவேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கவேண்டும். முந்தின நாளே ஒத்திகையில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

நான் கரும்பலகையில் தலைவலி, வயிற்றுவலி, பல்வலி என்று ஆங்கிலச் சொற்களை எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல சாரல். புரண்ட வேகத்தில் டெஸ்க் இரண்டும் விலகி, அவன் நடுவில் விழுந்திருக்கிறான். கை அடியில் மாட்டிக்கொண்டது. கத்தியிருக்கிறான். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பக்கவாட்டில் ஏதோ அசைந்ததால் திரும்பினேன். எஸ்தர் அம்மா. தன் அறையிலிருந்து ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. அவரைத் தாண்டித் தரையில் லிங்கதுரை. எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன டீச்சர் இது! பிள்ள உயிரு போற மாதிரி கத்துதான், நீங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டு நிக்கிய? கேக்கலையா?"

"நாடகம்னு நெனச்சேன் மேடம். நடிக்கான்னு நெனச்சேன்."

என் வாயிலிருந்து அது எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று தெரியவில்லை. எஸ்தர் அம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். பிறகு பாத்திமா எழுந்து, "ஆமா மேடம். அவன் எப்பவும் இப்படித்தான் கத்துவான்" என்றாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் தலையை ஆட்டினார்கள்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு விலகியிருக்கிறது. மாவுக்கட்டு, ஆறு வாரம்.

நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். நடிப்புக்குக் கத்தச் சொன்னதும் நான்தானே. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஜூலை 11, வியாழன்

தகர டப்பா விழுந்தது என்று பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். எங்கள் அடுக்களையில்தான் விழுந்திருக்கிறது. நான் அதே அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஜூலை 12, வெள்ளி

லிங்கதுரையின் அம்மா பள்ளிக்கு வந்திருந்தாள். பீடி சுற்றுகிறவள். என்னைத் திட்டுவாள் என்று காத்து நின்றேன். திட்டியிருக்கலாம்.

"நீங்க என்ன டீச்சர் செய்விய? இந்தப் பயலுக்கு நடிப்பு கூடிப்போச்சு. வீட்டுலயும் இதே கூத்துதான். சும்மா சும்மா கத்தினா, நெசமா வலிக்கும்போது எவன் திரும்பிப் பாப்பான்? அதான் ஆஸ்பத்திரியில வச்சே முதுகுல ரெண்டு போட்டேன்" என்றாள்.

எஸ்தர் அம்மாவும் சேர்ந்துகொண்டார். இனிமேல் அவனை எந்த நாடகத்திலும் சேர்க்கக்கூடாது, அதிகாரி வருகிற அன்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிடுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இவங்க டூட்டிக்குப் போயிருக்காங்க. வீட்டில் நான் மட்டும். இதில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கேதான் எழுதுவேன்?

அவன் நடிக்கிறான் என்று நான் நினைக்கவே இல்லை. நினைப்பதற்கு முதலில் கேட்டிருக்கவேண்டும். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. தலைவலி, வயிற்றுவலி, பல்வலி என்று எழுதிவிட்டு, எழுத்து அழகாக வந்திருக்கிறதே என்று ஒரு அடி பின்னால் நகர்ந்துகூடப் பார்த்தேன்.

இரண்டு வருஷமாகக் குறைந்துகொண்டே வருகிறது. வலக்காது ஏறக்குறைய இல்லை. இடது பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் இப்போது மெல்லிய குரல், விசில், போன் மணி எல்லாவற்றையும் விட்டுவிட்டது. உதட்டைப் பார்த்துப் பாதி, ஊகித்துப் பாதி என்று ஓட்டுகிறேன். நாடகம் ஆரம்பித்ததே அதற்குத்தான். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்தது உண்மை. ஆனால் வசனம் என் கையில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் ஆரம்பித்தேன்.

பயமாக இருக்கிறது. செவிட்டு டீச்சர் என்று பெயர் வந்தால் யார் நிரந்தரமாக்குவார்கள்? தற்காலிகமாகக்கூட வைத்துக்கொள்ளமாட்டார்கள். இன்னும் பத்து நாள். நல்லபடியாக முடியட்டும், வேலை உறுதியானதும் காதைக் காட்டிவிடுவேன். அப்புறம் அந்தப் பயலுக்கும் ஏதாவது செய்துவிடலாம். என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

லிங்கதுரை கட்டோடு வந்தான். கடைசி பெஞ்ச். என்னைப் பார்த்து ஒரு கோபமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கையில் மாவுக்கட்டைத் தாங்கிக்கொண்டு மற்றவர்கள் நடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்கறிக்காரன் வேஷத்துக்கு இசக்கிராஜைப் போட்டேன். அவனுக்கு வசனம் மறந்தபோது லிங்கதுரையின் உதடு தன்னால் அசைந்தது. நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

இடைவேளையில் கிட்டே போய், வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்ல டீச்சர். நான் அன்னைக்கு ஒழுங்காக் கத்தல போல. நடிப்பு மாதிரி ஆயிட்டு" என்றான். பத்து வயசுப் பிள்ளை ஆறு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

மதியச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

மதியச் சாப்பாடு முடிந்து வகுப்புக்கு வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பிள்ளைகள் தாங்களாக ஒரு நாடகம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் நின்றேன்.

பூரணி என்கிற பெண், துண்டைச் சேலை மாதிரி மேலே போட்டுக்கொண்டு கரும்பலகைப் பக்கம் நின்றாள். தலையை இடப்பக்கமாகச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, எல்லாருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவில் நடுவில் காரணமில்லாமல் சிரித்து வைத்தாள். யாரை நடிக்கிறாள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் தீப்பிடித்தது. உள்ளே போய் நாலு சாத்தலாம் என்று கதவில் கை வைத்துவிட்டேன்.

அப்போது இசக்கிராஜ் கடைசி பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மூக்கில் இல்லாத கண்ணாடியைச் சரிசெய்தான். அதிகாரியாம். பூரணிக்குப் பின்னால் இருந்து அவன் ஏதோ கேட்டான். உடனே பாத்திமா எழுந்து, பூரணி முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொன்னாள். அவள் சொல்வது ஜன்னலுக்கு வெளியே இருந்த எனக்கே புரிந்தது. பூரணி பதில் சொன்னாள். பிறகு அதிகாரி வலப்பக்கம் போனான். அந்தப் பக்கத்து வரிசை திருப்பிச் சொன்னது. யாராவது தவறவிட்டால் பாத்திமா முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். மறுபடி, மறுபடி.

கேலி இல்லை. எனக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். ஒரு மாசமாக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

நான் மெல்லத் திரும்பி, தண்ணீர்க் குழாய் வரை நடந்து, மணி அடித்திருக்கும் என்று தோன்றியபோது வந்தேன். எல்லாரும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. தடுக்கவும் இல்லை. அதுதான் என்னைப் பற்றிய உண்மை, எழுதிவைக்கிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

ஊதாச் சேலையை இஸ்திரி போட்டேன். இவங்க பூ வாங்கி வந்தாங்க. நாளைக்கு.

ஜூலை 24, புதன்

அதிகாரி பத்தே காலுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு நேராகக் கடைசி பெஞ்சில் லிங்கதுரை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எஸ்தர் அம்மா கதவோரம் நாற்காலியில். கூரையில் சாரல் விழுந்துகொண்டே இருந்தது.

நான் தயார் செய்த சந்தை நாடகத்தை ஆரம்பிக்கும்போதே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பாத்திமா என்னைப் பார்த்து, "டீச்சர், ஸார் வான்ட்ஸ் எ நியூ டிராமா. எ சைல்ட் ஈஸ் லாஸ்ட் இன் குற்றாலம்" என்றாள். ஒத்திகை பார்த்த நாடகம் வேண்டாமாம். சீசன் கூட்டத்தில் அருவிக்கரையில் ஒரு பிள்ளை தொலைந்துவிட்டது, போலீஸ் சாவடியில் வந்து சொல்கிறார்கள், அதைப் போடுங்கள் என்கிறார். வசனம் கிடையாது. யார் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பாத்திமா போலீஸ். இசக்கிராஜ் அப்பா. பூரணி அம்மா, அழுதுகொண்டே வந்தாள். கேள்வியைத் திருப்பிச் சொல், பிறகு பதில் சொல். என் விதி. வார்த்தை தெரியாத இடத்தில் கையால் காட்டினார்கள், கையால் காட்டியதற்கு இன்னொருவர் வார்த்தை தேடித் தந்தார்கள். அதிகாரி பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் நடு நடுவே கேட்டார். என்ன நிறச் சட்டை, எந்த அருவி, யாரோடு வந்தான். ஒவ்வொன்றும் எனக்கு யாராவது ஒருவர் உதட்டில் வந்து சேர்ந்தது. நான் சிரித்தேன், பாராட்டினேன், திருத்தினேன். எஸ்தர் அம்மா முகமெல்லாம் பல்.

முடிந்ததும் அதிகாரி எழுந்து முன்னால் வந்தார். முகத்துக்கு நேரே நின்றதால் நன்றாகவே புரிந்தது. "ரொம்ப நல்லாருக்கும்மா. கேள்விய ரிப்பீட் பண்ணிட்டு ஆன்ஸர் பண்ணுதாங்க பாத்தீங்களா, அது நல்ல டெக்னிக். மத்த ஸ்கூலுக்கும் சொல்லப்போறேன்" என்றார். கோப்பைத் திறந்து பேனாவையும் எடுத்துவிட்டார். என் ஆறு வருஷமும் அந்தப் பேனா முனையில் இருந்தது.

எழுதப் போனவர் லிங்கதுரை பக்கம் திரும்பினார். இவன் மட்டும் ஏன் நடிக்கவில்லை என்று கேட்டிருக்கவேண்டும். எஸ்தர் அம்மா எழுந்து, சிரித்துக்கொண்டே ஏதோ விளக்கினார். அதிகாரி பையனிடமே கேட்டார். லிங்கதுரை எழுந்தான். கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு பேசினான். அவன் முகம் அதிகாரி பக்கம் இருந்ததால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாத்திமாவைப் பார்த்தேன். அவளுக்குத் தயக்கம். ஆனாலும் ஒத்திகைப்படி எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"ஐ ஃபெல் டவுன் இன் த டிராமா. ஐ ஆல்வேஸ் ஷவுட் ஃபார் ஃபன். ஸோ டீச்சர் தாட் ஐ வாஸ் ஆக்டிங். இட் ஈஸ் மை மிஸ்டேக், ஸார்."

அதிகாரி கையைத் தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத பயல். ஆறு வருஷத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளை பேசிய மிகச் சரியான ஆங்கிலம் அதுதான். ஒரு தப்பு இல்லை. யாரோ உட்கார்ந்து அவனுக்குப் பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். கைத்தட்டலில் அவன் சிரிக்கவில்லை. உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"ஸார், ஒரு நிமிஷம் எழுதாதீங்க" என்றேன்.

எஸ்தர் அம்மா என்னைக் கண்ணால் அதட்டினார். நான் லிங்கதுரையை முன்னால் வரச் சொன்னேன். "இன்னும் ஒரு நாடகம் இருக்கு ஸார். சின்னதுதான்." பிறகு அவனிடம், "ஏல, நான் போர்டுல அன்னைக்கு எழுதின மாதிரி எழுதப் போறேன். நீ அன்னைக்குக் கத்தின மாதிரியே கத்து. நான் திரும்புத வரைக்கும் நிறுத்தக்கூடாது. வேற யாரும் எனக்கு ஒண்ணும் காட்டக்கூடாது" என்றேன். பாத்திமா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

சாக்பீஸை எடுத்துத் திரும்பினேன். தலைவலி எழுதினேன். வயிற்றுவலி எழுதினேன். தலைக்குள் இருக்கிற அந்த இரைச்சல் மட்டும் இருந்தது. பல்வலி. காதுவலி. காய்ச்சல். இருமல். பயல் கத்தாமல் நிற்கிறானோ என்று சந்தேகம் வந்தது. பத்து வார்த்தை எழுதி, நிதானமாகச் சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

லிங்கதுரை முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதிகாரி ஒரு காதைப் பொத்தியிருந்தார். வாசலில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் டீச்சரும், சத்துணவு ஆயாவும், என்னவோ ஏதோ என்று ஓடிவந்து முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"போதும்ல" என்றேன். அப்போதுதான் நிறுத்தினான்.

"இதான் ஸார் அன்னைக்கும் நடந்தது. அவன் ஒழுங்காத்தான் கத்தியிருக்கான். எனக்குத்தான் கேக்கல."

அதிகாரி பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேரே, "எப்ப இருந்தும்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமா ஸார்." வெளியே சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார்.

ஜூலை 25, வியாழன்

எஸ்தர் அம்மா பேசவே இல்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காது பரிசோதனை அறிக்கை வரும்வரை விடுப்பு, அதன்பிறகு நிர்வாகம் முடிவு செய்யும். கோபத்தில்தான் எழுதிக் கொடுத்தார், ஆனால் எனக்கு அது வசதியாக இருந்தது.

லிங்கதுரையின் அம்மாவை வரச்சொல்லி நானே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மகனை இழுத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஆஸ்பத்திரியில வச்சுப் போட்டு அடிச்சிட்டனேல" என்றாள். அவள் முகம் எனக்கு நேரே இருந்ததால் ஒரு எழுத்துக்கூட விடாமல் புரிந்தது.

ஜூலை 27, சனி

திருநெல்வேலிக்கு இவங்களோடு போய்வந்தேன். பேருந்திலிருந்து இறங்கும்போது இவங்க என் கையைப் பிடித்து இறக்கினாங்க.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. காதில் ஒரு கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்கவேண்டும். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அமுக்கவேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண் உட்கார்ந்து கருவியைத் திருகினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நிமிஷத்தில் ஒன்று கண்டுபிடித்துவிட்டேன். அவள் சத்தம் அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய வலது முழங்கை லேசாக அசைகிறது. பிறகு என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். அதைப் பார்த்து அமுக்கினாலே போதும், எல்லாம் சரியாக வந்துவிடும். அறிக்கையில் நல்ல காது என்றே எழுதுவார்கள். திங்கட்கிழமை வகுப்புக்குப் போய்விடலாம். கட்டைவிரல் பொத்தானுக்குமேல் தயாராக இருந்தது. முழங்கை அசைந்தது. ஒரு தடவை அமுக்கியும் விட்டேன். அவள் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டாள்.

கண்ணாடியைத் தட்டி, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. கையைக் காட்டி மறுபடி சொன்னேன். அவள் சரி என்றாள்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை.